நறுநெய்க் கலமும் யவனர் கலமும்

யவனர் தமிழகத்துடன் வாணிகம் செய்தனர் என்பது நம் மாணவர் யாவரும் அறிந்த செய்தியே. ஆனால் யவனர் கலத்தினுள் இருந்தது யாது என வினவினால் விடை தெளிவாக வருவதில்லை. 'கலம்' என்னும் சொல் மரக்கலத்தையும் குறிக்கும்; மட்கலத்தையும் குறிக்கும். புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் யவனர் தந்த நறுமணத் தேறலைக் கூறுமிடத்தும் இவ்விரு பொருளும் பொருந்தி நிற்கக் காண்கிறோம். அங்கு மணம் தேறலுக்கு உரியதேயன்றி நெய்க்கு உரியதன்று. நறுநெய்க்கெனக் கிரேக்கர் வனைந்த கலங்கள் வேறு. அவற்றை முதற்கண் நோக்குவோம்.

கிரேக்கர் மலர், வேர், பிசின் முதலியவற்றை ஒலிவ எண்ணெயில் ஊறவைத்து நறுநெய் ஆக்கினர். அதனைப் பெய்து வைத்த 'அரிபல்லோஸ்' என்னும் கலம் கைக்குள் அடங்கும் உருண்டை வடிவினது. கழுத்து மிகக் குறுகியது. வாய்விளிம்போ தட்டுப்போல் அகன்றது. குறுகிய கழுத்து நெய்யைத் துளித்துளியாக விடும். அகன்ற விளிம்பு அதனை உடலில் தடவ உதவும். நம் இல்லங்களில் அத்தர்க் குப்பியின் சிறு வாயைக் கண்டவர்க்கு இவ்வமைப்பின் நோக்கம் எளிதில் விளங்கும். உடற்பயிற்சி செய்வோர் இக்கலத்தை வாரிற் கட்டி மணிக்கட்டில் தொங்கவிட்டுச் சென்றனர். கொரிந்து நகரக் குயவர் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் இவற்றை மிகுதியாக வனைந்து பிறநாடுகளுக்கும் அனுப்பினர். பாதமின்றி நீண்டிருக்கும் 'அலபாஸ்ட்ரான்' பெரும்பாலும் மகளிர்க்குரியது.

ஒற்றைக் கைப்பிடியுடன் உயர்ந்து நிற்பது 'லெகித்தோஸ்'. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் மக்கள் வெண்பூச்சிட்ட லெகித்தோஸ்களை நறுநெய்யுடன் கல்லறைகளில் வைத்தனர். அவற்றுட் சிலவற்றின் கழுத்துக்குக் கீழே, உட்புறத்தில், ஒரு சிறு கிண்ணம் மறைத்துப் பொருத்தப்பட்டுள்ளது. சிறிதளவு நெய் ஊற்றினாலே கலம் முழுதும் நிறைந்ததுபோல் தோன்றும். நறுநெய் அத்துணை விலை மிக்கது போலும்! இறந்தோர்க்குச் செய்யும் கடனிலும் சிக்கனம் புகுந்தது என நகைப்பதா, வறியோர்க்கும் வழிசெய்தது எனக் கொள்வதா என்பதைக் கற்போர் கருத்துக்கே விடுகிறோம்.

இனித் தமிழகம் நோக்குவோம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது கிட்டிய 'ஆம்போரா' ஓடுகள் மேற்கூறிய கலங்களின் வகையைச் சார்ந்தவை அல்ல. ஆம்போரா இரு கைப்பிடியும் கூரிய அடியும் உடையது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நிற்பது. மது, ஒலிவ எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றை ஏற்றுதற்கு உரியது. காலமும் வேறு: கொரிந்துக் குயவர்க்கும் அரிக்கமேட்டின் யவன வாணிகத்துக்கும் இடையே ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. அதற்குள் மேலைநாட்டில் ஊதிச் செய்த கண்ணாடிக் குப்பி தோன்றி மண் நெய்க்கலத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டது. பரவைக்கு அருகே ஓடும் வைகை, மதுரையையும் கீழடியையும் கடந்து சென்று கடலை அணுகுமிடத்தில் உள்ளது அழகன்குளம். அங்கும் ஆம்போரா ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றை நறுநெய்க் கலம் என எழுதுவது பிழையாகும்.

யவனர் இந்நாட்டிற்கு நறுநெய் கொணரவே இல்லையோ எனின், கொணர்ந்தனர். கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பரூகச்சத்து அரசனுக்கெனக் கொணர்ந்த பொருள்களுள் உயர்ந்த நறுநெய்யையும் கூறுகிறது. ஆயினும் மணப்பொருள் வாணிகத்தின் பெருக்கு எதிர்த்திசையிலேயே ஓடியது. வியன்னாவில் உள்ள, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த முசிறி ஒப்பந்தப் பாப்பிரசு, 'ஹெர்மபொல்லோன்' என்னும் கப்பல் ஏற்றிச்சென்ற சரக்குகளுள் கங்கைப்புறத்துச் சடாமாஞ்சில் 60 பேழைகளைக் குறிக்கிறது. இமயத்தின் வேர் சேரநாட்டுத் துறைவழியே சென்று மேலைநாட்டு எண்ணெயிற் கலந்தது.

அங்ஙனமாயின் தமிழர் நறுமணத்தை எதனுள் வைத்தனர்? மதுரைக்காஞ்சி காட்டும் கடைத்தெருவில் விற்கப்படுவன பூவும் சுண்ணமும். சாந்து அரைத்துப் பூசுவது, அகில் புகைப்பது. துளித்துளியாக விடவேண்டிய நெய்யன்று, அள்ளியெடுக்கும் பொடியும் குழம்புமே இங்குப் பெருவழக்கு. ஆதலின் குறுங்கழுத்துக் கலத்தினும் மூடியுடைய செப்பே நம் இலக்கியத்தில் மிகுதியாக இடம்பெறுகிறது. குறுந்தொகையின் 9ஆம் பாடலில், கயமனார் தலைவியின் வாட்டத்துக்கு உவமையாக்குவது, சூடப்படாமல் செப்பினுள் கிடந்த பூவையே.