அச்சு வங்கியுடையது, கையெழுத்து உன்னுடையது

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சேலையூர் கேம்ப் ரோட்டில் தையல் கடைக்கு இடம் அமைந்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னான். மனசு நிறைந்தது. பதினொரு மாத வாடகைக்குத் தேதி போட்ட பதினொரு செக்; கூடவே ‘ஒரு பாதுகாப்புக்கு’ வெறும் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றும் கேட்கிறாராமே கட்டட உரிமையாளர்? அந்தப் பன்னிரண்டாவது செக்குக்காகத்தான் இந்தக் கடிதம்.

செக் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ‘சிடிஎஸ் இந்தியா’ என்ற நீரெழுத்து தெரியும். இடது ஓரத்தில் அச்சிட்டவர் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். தொகைக் கட்டத்தில் ரூபாய்க் குறி. அடியில் வெள்ளைப் பட்டையில் முதலில் ஆறு இலக்கச் செக் எண். அடுத்த ஒன்பது இலக்கத்தில் ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. உன் தாம்பரம் கிளைக்கு அது 600-ல் தொடங்கும். நம் பின்கோடு 600045-இன் தலையும் அதேதான்.

நீரெழுத்து, அச்சிட்டவர் பெயர், ரூபாய்க் குறி எல்லாம் ரிசர்வ் வங்கி 2010-ல் வகுத்த தரம். அச்சிடுவது வங்கியின் பொறுப்பு. 2011 முதல் சென்னையில் செக் தாள் வங்கிக்கு வங்கி பயணம் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. அதனால்தான் அடித்தல் திருத்தல் கூடாது என்கிறார்கள். தேதியைத் தவிர வேறெது தப்பினாலும் புதுத் தாளில் எழுது.

ஆனால் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்துக்கு இந்த அலங்காரம் எதுவும் வேண்டாம். இன்ன வங்கி, இன்னாருக்கு, இவ்வளவு பணம், நிபந்தனையில்லாமல் கொடு என்ற எழுத்து. கீழே உன் கையெழுத்து. அவ்வளவுதான். மிச்சத்தை நிரப்பாமல் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்தால், வாங்கியவர் நிரப்பிக்கொள்ள அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகத் தந்ததென்றே முதலில் கொள்ளப்படும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இல்லை என்று நிரூபிப்பது உன் தலையில் விழும்.

கணக்கில் பணமில்லாமல் திரும்பினால் 138-ஆம் பிரிவு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் வரும். அது கையில் கிடைத்த 15 நாளுக்குள் நீ பணம் கட்டவில்லை என்றால் வழக்கு. தண்டனை இரண்டு வருஷச் சிறை வரை, அல்லது தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆகவே மரியாதையாகவே பேசு. “பாதுகாப்புக்குத்தானே அட்வான்ஸ் தருகிறேன், ஐயா, அதை வங்கி வழியாகவே அனுப்பிவிடுகிறேன்” என்று சொல். வாடகைச் செக் ஒவ்வொன்றிலும் பெயர், தொகை, தேதி எழுதி, மேல் மூலையில் இரண்டு கோடு போட்டு ‘ஏ/சி பேயி’ என்று எழுது. பதினொரு செக் எண்களையும் ஒப்பந்தத்தில் ஏற்றச் சொல். செக்கில் போட்ட தேதியிலிருந்து மூன்று மாதம்தான் அது செல்லும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஜாக்கெட் தைக்க வருகிறவள் அளவு கொடுக்காமல் ‘நீயே பார்த்து வெட்டு’ என்றால், நீ கத்தரியைத் தொடுவாயா? உன் பணத்துக்கும் அளவை நீயே எழுது.

கடைத் திறப்புக்கு உன் பெரியம்மாவும் நானும் வருகிறோம்.

ஆசிகளுடன்,
பெரியப்பா