மனம் ஒரு கேமராவா?

2014ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரிட்டிஷ் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர் ஹெலிகாப்டரில் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்தார். பின்னர், ஆர்ச்சர்ட் சாலையில் உள்ள ஒரு கடைத்தொகுதியில் ஐந்து நாள்கள் அமர்ந்து, புகைப்படம் எதையும் பார்க்காமல், நினைவிலிருந்தே நகரை வரைந்தார். நான்கு மீட்டர் நீளமான அந்த ஓவியத்தில் மரினா பே வட்டாரத்தின் கட்டடங்கள் வரிசையாக எழுந்தன. கூடியிருந்தோர் வியந்தனர்.

1974இல் லண்டனில் பிறந்த வில்ட்ஷயருக்கு மதியிறுக்கம் இருப்பது மூன்று வயதில் தெரியவந்தது. பேச்சு தாமதமாகவே வந்தது. வரைவதே அவருக்கு மொழியாயிற்று. சிறுவயது முதலே லண்டன் கட்டடங்களை அவர் ஓயாமல் வரைந்தார்.

அவரை ‘மனிதக் கேமரா’ என்பார்கள். ஆனால், மனம் உண்மையில் கேமராவைப் போன்றதா? லிட்டில் இந்தியாவில் உள்ள டான் டெங் நியா இல்லத்தைக் கண்களை மூடி நினைத்துப் பாருங்கள். பல வண்ணங்கள் உடனே தோன்றும். சன்னல்கள் எத்தனை என்று கேட்டால் பலரும் தடுமாறுவர். நாம் கவனித்தது மட்டுமே மனத்தில் தங்குகிறது.

சதுரங்க வல்லுநர்களைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 1973இல் வெளிவந்தது. உண்மையான ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடிகள் பார்த்தே வல்லுநர்கள் பெரும்பகுதியை நினைவுகூர்ந்தனர். காய்களைத் தாறுமாறாக வைத்தபோதோ, அவர்களும் புதியவர்களைப் போலவே திணறினர். பொருள் புரிந்ததாலேயே அவர்களுக்கு நினைவு நின்றது.

நம் தமிழ் மரபிலும் நினைவுக்கலை உண்டு. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்தும் சதாவதானத்தை நிகழ்த்தினார். ‘அவதானம்’ என்ற சொல்லுக்கே ‘கவனம்’ என்றுதான் பொருள்.

வில்ட்ஷயரின் ஆற்றல் அரியது; எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை. சிலருக்கு மனத்தில் காட்சியே தோன்றுவதில்லை; அவர்களும் நன்றாகக் கற்கிறார்கள். எனவே, “எனக்கு நினைவாற்றல் இல்லை” என்று எவரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. கூர்ந்து கவனித்து, பொருள் உணர்ந்து, மீண்டும் மீண்டும் நினைவுகூர்ந்தால் படித்தது மனத்தில் நிலைக்கும்.