பாடத் தளத்துக்கு முதல் ஆப்: பன்னிரண்டு பேரை முதலில் பிடியுங்கள்

யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்த உரிமத்தில் பாடங்களைப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அந்தத் தளத்துக்கு ஓர் ஆப் வேண்டும். ஐபோனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் அழ வேண்டும். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை கையில் இருப்பது ஆண்ட்ராய்டுதான்.

தளத்தை அப்படியே வெப்வியூவில் அடைத்து ஆப் என்று பெயர் வைக்காதீர்கள். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதற்குள் சிக்னல் போய்விடும், வெள்ளைத் திரைதான் மிஞ்சும். கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன வழி நல்லது: நூல்களின் பட்டியல் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக கிட்ஹப்பில் இருக்கிறது, வேண்டிய நூலை மட்டும் இறக்கி வைத்துப் படிக்கலாம். தனி சர்வருக்கு மாதாமாதம் பணம் கட்டும் வேலையே இல்லை. பாடத்துக்கும் இது பொருந்தும். ஒவ்வொரு பாடத்தின் அடியிலும் ஆசிரியர் பெயர், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம், மூல இணைப்பு மூன்றும் இருக்கட்டும். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் மொத்தமாகப் போட்டு முடிப்பது எனக்குப் பிடிக்காது.

ஆப்பிலேயே தேடல் வைப்பதென்றால் ஒரு பொறி இருக்கிறது. எஸ்கியூலைட்டின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5 இயல்பாகத் தமிழ்ச் சொல்லை உயிர்க்குறியிலும் புள்ளியிலும் வெட்டிவிடும். 'கொங்கு' துண்டு துண்டாகிவிடும். சொல்லைப் பிரிக்கும் டோக்கனைசர் அமைப்பில் எம்என், எம்சி என்னும் யூனிகோட் வகைகளைச் சேர்த்தால் சரியாகும். பாடத்தையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு.

ஆப்பை வெளியிட வேண்டிய கூகுள் ப்ளே கன்சோல் கணக்கைக் கல்லூரி மாணவர் யாருடைய சொந்த ஜிமெயிலிலும் தொடங்காதீர்கள். படிப்பு முடிந்து அவர் பெங்களூர் போனால் ஆப்பும் கூடப் போய்விடும். கட்டணம் ஒரே தடவை, 25 டாலர். கார்டு ஏறவில்லையென்றால் வங்கி ஆப்பில் பன்னாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கப்புறம்தான் வருகிறது. 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் குளோஸ்டு டெஸ்டிங்கில் இருந்தால்தான் ஆப்பைப் பொதுவில் விட விண்ணப்பிக்கவே முடியும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில்தான் குறைத்தார்கள். பதிவு பெற்ற அறக்கட்டளை உங்களுக்கு இருந்தால் நிறுவனக் கணக்காகத் திறங்கள்; இந்த விதி அதற்கு இல்லை. ஆனால் டன்ஸ் எண் என்னும் நிறுவன அடையாள எண் வாங்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும்.

பன்னிரண்டு பேர்தானே என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் மெயில் முகவரி கேட்பீர்கள். வருவது பள்ளி அலுவலக மெயில். அவர்கள் ஃபோனில் ப்ளே ஸ்டோர் ஓடுவதோ, பொள்ளாச்சியில் ஃபோன் வாங்கிய கடைப் பையன் உருவாக்கித் தந்த வேறு ஜிமெயிலில். நீங்கள் அனுப்பும் சோதனை இணைப்பைத் தொட்டால் ஆப் கிடைக்கவில்லை என்று காட்டும். அதனால் முகவரி கேட்காதீர்கள், படம் கேளுங்கள்: "சார், ப்ளே ஸ்டோரைத் திறந்து மேல வட்டமா இருக்கற படத்தைத் தொடுங்க, வர்றதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிச்சுடுங்க." அதில் இருக்கும் முகவரியைப் பட்டியலில் ஏற்றுங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. இணைப்பைத் திறந்து, சோதனையில் சேர்வதாக அவர்களே பொத்தானை அழுத்த வேண்டும். ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஏற்றச் சொன்னால் கணக்கில் வராது. இடையில் ஆள் விலகிப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் 14 நாள் கணக்கு அறுந்துபோகும். எனவே இருபது பேரைச் சேருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆள் தருகிறவர்கள் பக்கமே போகாதீர்கள். முடிவில் கூகுள் சில கேள்விகள் கேட்கும்: ஆட்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன சொன்னார்கள், எதை மாற்றினீர்கள்? குழுவில் வரும் புகார்களை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் பதில் தயார்.

இதில் என் குறுக்குவழி: ஆப் அழகாகும் வரை காத்திருக்காதீர்கள். பத்துப் பாடம் திறந்தால் போதும், சோதனையைத் தொடங்கிவிடலாம். அந்த 14 நாளில் புதுப் பதிப்பு விடத் தடையில்லை, விடுவதுதான் நல்லது.

512-க்கு 512 ஐகான், தனியுரிமைக் கொள்கைப் பக்கம், டேட்டா சேஃப்டி படிவம் எல்லாம் ஒரு மாலை வேலை. லொக்கேஷன், கான்டாக்ட் எதையும் கேட்காத ஆப் என்றால் படிவம் இன்னும் சீக்கிரம் முடியும்.

முதல் வெளியீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட முடியாது, அந்த வசதி அடுத்தடுத்த பதிப்புகளுக்குத்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஆப் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவில் சோதனை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்போது பல ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்டை மார்ச்சிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.