வெள்ள எதிர்வுகூறலும் இயந்திரக் கற்றலும்

மாணவர்களே, அம்பாறைக் கரையோரம் அதிக மழையைப் பெறுவது வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலாகும். 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளியில் வீதியை மேவிப் பாய்ந்த வெள்ளம், மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. மாணவர்கள் பலர் உயிரிழந்தனர். வெள்ளத்தை முன்கூட்டியே அறிய உதவும் ஒரு தொழினுட்பத்தை இங்கு கற்போம்.

1. காலநிலை மாற்றமும் மழையும்
வெப்பநிலை 1 பாகை செல்சியஸ் உயரும்போது வளி கொள்ளக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதத்தால் கூடும். எனவே புவி வெப்பமடையும்போது கடும் மழைக்கான வாய்ப்பு அதிகரிக்கின்றது.

2. இயந்திரக் கற்றல் என்றால் என்ன?
கடந்தகாலத் தரவுகளிலிருந்து கணினி தானே தொடர்புகளைக் கண்டறிந்து, புதிய நிலைமைகளுக்கு விடை கூறுதல் இயந்திரக் கற்றல் எனப்படும். கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகும் மாணவனை இதற்கு ஒப்பிடலாம்.

3. படிமுறைகள்
அ) தரவு சேகரித்தல்: மழைவீழ்ச்சி, ஆற்று நீர்மட்டம், செய்மதித் தரவு.
ஆ) பயிற்றுதல்: எவ்வளவு மழைக்கு ஆறு எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கற்பித்தல்.
இ) சோதித்தல்: பயிற்சியில் காட்டாத தரவுகளைக் கொடுத்துப் பார்த்தல்.
ஈ) எதிர்வுகூறல்: வரும் நாட்களின் நீர்மட்டத்தைக் கணித்தல்.

4. உதாரணம்
கூகிள் நிறுவனம் 2018இல் இந்தியாவின் பாட்னாப் பகுதியில் இம்முறையைப் பரீட்சித்தது. 2022இல் இலங்கையும் இச்சேவையில் சேர்க்கப்பட்டது. ஆறுகளின் நிலையை 7 நாட்கள் வரை முன்கூட்டிக் கணிக்க இது முயல்கின்றது. நீர்மட்ட அளவுகோல் இல்லாத ஆறுகளுக்கும் இம்முறை பயன்படுவது சிறப்பாகும்.

5. மட்டுப்பாடுகள்
• தரவு குறைந்தால் அல்லது பிழைத்தால் விடையும் பிழைக்கும்.
• முன்னர் நிகழாத பெருவெள்ளத்தைக் கணிப்பது கடினம். இது ஒருபோதும் வராத வினா வருவதைப் போன்றது.
• எச்சரிக்கை மக்களைச் சென்றடைந்து, அவர்கள் அதன்படி நடந்தாலே பயன் உண்டு. கணினி நேரத்தைப் பெற்றுத் தரும். வீதியை மூடுவதும் பயணத்தை நிறுத்துவதும் மனிதர் கையிலேயே உள்ளன.

கவனிக்க: வெள்ள எதிர்வுகூறல் காலநிலை மாற்றத்தைக் குறைப்பதில்லை; அதன் பாதிப்பையே குறைக்கின்றது. ஆகவே இது இசைவாக்கமாகும். பச்சைவீட்டு வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதே தணித்தல் ஆகும். பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

மாதிரி வினா
சரியான எதிர்வுகூறல் கிடைத்தும் உயிரிழப்பு ஏற்படக்கூடிய இரு சந்தர்ப்பங்களைத் தருக.

விடை
1. எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களைச் சென்றடையாமை.
2. எச்சரிக்கை கிடைத்தும் வெள்ளம் மேவிய வீதியால் பயணித்தல்.

நினைவில் வைக்க: அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117.