மூச்சில் நுழைந்தது என்ன?

தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர்க்கு இருமல் ஒலி புதியதன்று. விடியற்காலையில் லைன் வீடுகளிலிருந்து எழும் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே பள்ளிக்குப் புறப்பட்டவன் நான். என் பாட்டனார் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். ஓர் இரவு அவருக்குத் திடீரென மூச்சுத் திணறியது. வெளியூர் மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். பீடி குடிப்பாரா, ஆஸ்துமா உண்டா என்றெல்லாம் கேட்டார்கள். “பெரியவரே, நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?” என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இன்று மருத்துவம் பயிலும் எனக்கு, கேட்கப்படாத அந்தக் கேள்வியே முதற் பாடமாக நிற்கிறது. அதனை நம் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாறைத் தூசு

1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கவயலில் பெருஞ் சுரங்கங்களைத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த தமிழர்கள் நிலத்தடியில் இறங்கினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் சென்றது. பொன் இருந்ததோ வெண்கற்பாறையில். அப்பாறையைத் துளைத்து வெடி வைக்கும்போது எழுவது சிலிகாத் தூசு.

அத்தூசில் பெருந்துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கும் இராத நுண்துகள்களோ நுரையீரலின் காற்றறைகள் வரை சென்றுவிடும். அங்குள்ள காவல் அணுக்கள் அவற்றை விழுங்கும். ஆனால் செரிக்கமாட்டாமல் மடியும். மடிந்த இடத்தில் தழும்பு கட்டும். தழும்பு பெருகப் பெருக மூச்சு குறுகும். இதுவே சிலிகோசிஸ். 1940களில் தங்கவயல் தொழிலாளர் 7,000 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. இந்தியாவில் இந்நோய் பற்றி வந்த தொடக்ககால அறிக்கைகளுள் இது ஒன்று.

சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மூடப்பட்டது. நோய் அத்துடன் மூடவில்லை. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின்னரே தலைகாட்டும் இந்நோய், தூசை விட்டு விலகிய பின்னும் வளரக்கூடியது. தழும்பைக் கரைக்கும் மருந்தும் இல்லை. இத்தகையவர் திடீரென மூச்சுத் திணறி வந்தால் மருத்துவர் சிலவற்றை உடனே நினைக்க வேண்டும்: நுரையீரலுறைக்குள் காற்றுப் புகுந்துள்ளதா? காசநோய் தொற்றியுள்ளதா? நிமோனியாவா? சிலிகோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பற்றும். இரண்டும் நுரையீரலின் மேற்பகுதியிலேயே மிகுதியாகத் தோன்றுமாதலால், எக்ஸ்ரே படம் மட்டும் பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக்கூடும். படம் புண்ணைக் காட்டும். புண் செய்தவன் பெயரைச் சொல்லாது.

மின்சிகரெட் ஆவி

சுரங்கம் மூடிய காலத்தில் வளர்ந்த நமக்கு இது பழங்கதையாகத் தோன்றலாம். ஆனால் அதே கேள்வி இன்று வேறு உருவில் மாணவர் விடுதிக்குள் வந்துள்ளது. 2019இல் அமெரிக்காவில் திடமான இளைஞர்கள் பலர் மூச்சுத் திணறி மருத்துவமனைகளுக்கு வந்தனர். அவர்கள் எல்லோரும் மின்சிகரெட் போன்ற கருவிகளின் ஆவியை இழுத்தவர்கள். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தோர் 68 பேர். கஞ்சாச் சத்து கலந்த எண்ணெயில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிட்டேட் என்னும் பொருளே முதன்மைக் காரணம் என ஆய்வாளர் கண்டனர். நம் நாடு 2019இலேயே மின்சிகரெட்டின் உற்பத்தியையும் விற்பனையையும் தடை செய்தது. எனினும் மறைவாக வாங்கி இழுப்பவனின் நுரையீரலைச் சட்டப் புத்தகம் காப்பாற்றாது.

இந்நோயை இன்னதென்று உறுதிசெய்யத் தனிச் சோதனை எதுவும் இல்லை. நான்கு செய்திகளைச் சேர்த்துப் பார்த்தே முடிவு கட்டுகிறார்கள். ஒன்று, நோய் தொடங்குமுன் 90 நாட்களுக்குள் அவ்வாவியை இழுத்திருக்க வேண்டும். இரண்டு, எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ நுரையீரலில் மங்கல் தெரிய வேண்டும். மூன்று, இன்ஃபுளுயன்சா, கோவிட் முதலிய தொற்றுகள் இல்லையெனச் சோதித்து அறிய வேண்டும். நான்கு, இதய நோய் போன்ற வேறு காரணம் இருத்தலாகாது.

இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, காய்ச்சல் ஆகியவற்றோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருவதுண்டு. வயிற்றுக் கோளாறென்று ஏமாறாமல் விரலில் கருவி பொருத்திப் பிராணவாயுவின் அளவைப் பார்க்க வேண்டும். அது 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால் எச்சரிக்கை தேவை. முதலில் பிராணவாயு கொடுப்பர். தொற்று இல்லையெனத் தெளியும்வரை அதற்கான மருந்தையும் கொடுப்பர். தேவைப்பட்டால் ஸ்டிராய்டும் சேர்ப்பர். தேறி வீடு சென்றவரையும் 48 மணி நேரத்திற்குள் மீண்டும் பார்ப்பது நலம். ஏனெனில் திரும்ப மோசமடைந்தோரும் உண்டு.

கேட்பதும் சொல்வதும்

நான்கு செய்திகளில் முதலாவது எந்த இயந்திரத்திலும் கிடைப்பதன்று. நோயாளியின் வாயிலிருந்தே வரவேண்டும். தாய் தந்தையர் அருகில் நிற்க, “தம்பி, கெட்ட பழக்கம் உண்டா?” என்று அதட்டினால் எந்தப் பிள்ளை உண்மை சொல்வான்? அவனைத் தனியே வைத்து, “எதையேனும் இழுத்தாயா? எப்போது? அதில் என்ன இருந்தது? யாரிடமும் சொல்லமாட்டேன், உனக்கு மருந்து கொடுக்கத்தான் கேட்கிறேன்” என்று கேட்க வேண்டும்.

மருத்துவம் பயிலாத தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அறைத் தோழன் மூச்சுத் திணறும் இரவில் அவன் எதை இழுத்தான் என்பதை அறிந்தவர் நீங்களாகவே இருக்கலாம். அவன் மானத்தைக் காப்பதாக எண்ணி வாய் மூடிவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். விடுமுறையில் ஊருக்குப் போகும் தங்கவயல் மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். வீட்டுப் பெரியவர் எந்தச் சுரங்கத்தில், என்ன வேலையில், எத்தனை ஆண்டு இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதி, அவருடைய மருத்துவச் சீட்டுகளோடு வையுங்கள். என் பாட்டனாரின் சீட்டுகளோடு அப்படியொரு தாள் இல்லை. அன்று அவசரப் பிரிவில் நானே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய செய்தி அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.