வன்னி மண்ணில் ஒரு குட்டிச் சிவப்பு ரோசா

ரோசா என்றதும் நம்மில் பலருக்கு நுவரெலியாவும் ஹக்கலைப் பூங்காவும்தான் ஞாபகத்துக்கு வரும். "வன்னி வெயிலுக்கு ரோசா நிற்காது" என்று எங்கள் ஊரிலும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். இன்று முல்லைத்தீவு தண்ணீரூற்றில், எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் பக்கத்தில், ஒரு முழ உயரம்கூட இல்லாத ரோசாச் செடியொன்று சிவப்பாகப் பூத்து நிற்கிறது. அதை வளர்த்த அனுபவத்தையும், உயர்தர விவசாய விஞ்ஞானப் பாடத்தில் படித்தவற்றை அதனோடு பொருத்திப் பார்த்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன். முதலில் வாங்கிய செடி என் கையாலேயே பட்டுப்போனதையும் மறைக்கவில்லை. அதிலிருந்துதான் அதிகம் படித்தேன்.

குட்டி ரோசா என்பது எது?

சாதாரண ரோசாவை வெட்டி வெட்டிக் குட்டையாக்கினால் குட்டி ரோசா ஆகாது. இது பிறப்பிலேயே சிறியது. இலை, மொட்டு, முள், கணுக்களுக்கு இடையிலான தூரம் எல்லாமே சிறியவை. பெரும்பாலான வகைகள் 15 முதல் 45 சென்ரிமீற்றர் வரை வளரும். பூவின் அகலம் பொதுவாக 2 முதல் 4 சென்ரிமீற்றர். ஆகவே சிறிய முற்றம் உள்ளவர்களுக்கும், முற்றமே இல்லாமல் வாசற்படி மட்டும் உள்ளவர்களுக்கும் இது ஏற்றது.

இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய ரோசாக்கள் பெரும்பாலும் ஒட்டுக்கன்றுகள். குட்டி ரோசாக்களோ பெரும்பாலும் தண்டுத் துண்டத்தில் சொந்தமாக வேர்விட்டவை. மேலே காய்ந்துபோனாலும், அடியிலிருந்து வரும் தளிர் அதே ரோசாவாகவே வரும்.

எரிந்த கிராமத்தின் ரோசா

இதன் முன்னோர் சீனத்து ரோசாக்கள். அவற்றின் குட்டை வகைகள் ஐரோப்பாவில் ஒரு காலத்தில் விரும்பி வளர்க்கப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டன. முதலாம் உலகப்போர்க் காலத்தை ஒட்டி, சுவிற்சர்லாந்தின் மோபோர்ஜே என்ற மலைக்கிராமத்தில், யன்னலோரச் சாடிகளில் மிகச் சிறிய ரோசா வளர்வதை றூலே என்ற இராணுவ அதிகாரி கண்டார். தாவரவியலாளரான தன் நண்பர் ஹென்றி கொரவோனிடம் அதைச் சொன்னார். அதைத் தேடிப் போனபோது அந்தக் கிராமம் தீயில் எரிந்து, ரோசாக்களும் அழிந்திருந்தன. ஆனால் அயலூரான ஒன்னென்ஸில் ஒரு வீட்டில் அதே ரோசா இருந்தது. அதிலிருந்து எடுத்த துண்டங்களே பெருகின. கண்டவரின் பெயரால் அது 'றூலெட்டி' எனப்பட்டது.

ஒல்லாந்து நாட்டு யான் டி விங்க் என்பவர் அதை வேறு ரோசாவுடன் கலந்து ஒரு சிவப்புக் குட்டி ரோசாவை உருவாக்கினார். அது 1936இல் அமெரிக்காவில் 'டொம் தம்ப்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பின்னர் கலிபோர்னியாவின் றால்ப் மூர் தம் நீண்ட வாழ்நாளில் நூற்றுக்கணக்கான புதிய வகைகளை உருவாக்கினார்.

முதற் செடி ஏன் பட்டுப்போனது?

மலைநாட்டுக் கன்றுகளை லொறியில் ஏற்றிவரும் வியாபாரி ஒருவரிடம், ஒரு நோன்பு விடுமுறையில் முதற் செடியை வாங்கினேன். அதில் ஐந்து பூக்கள் இருந்தன. மூன்று பிழைகள் செய்தேன்.

முதலாவது, வாங்கிய அன்றே சாடியை மாற்றி நடு முற்றத்து வெயிலில் வைத்தேன். ஹக்கலைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் உள்ளது. எங்கள் ஊர் கடலுக்குப் பக்கம். குளிரில் வளர்ந்த இலை எங்கள் வெயிலில் ஆவியுயிர்ப்பால் இழக்கும் நீரை, குழம்பிப்போன வேர் ஈடுசெய்ய முடியாது.

இரண்டாவது, இலை வாடியதைக் கண்டு பசளை போதவில்லை என்று நினைத்து, காய்ந்த மண்ணில் இரண்டு கரண்டி யூரியா போட்டேன். மண்ணில் உப்புச் செறிவு கூடினால், பிரசாரணத்தால் வேரிலிருந்து நீர் வெளியேறும் என்று பாடத்தில் படித்திருந்தேன். பரீட்சைக்கு எழுதியதை முற்றத்தில் மறந்துவிட்டேன்.

மூன்றாவது, தினமும் மஃரிபுக்கு முன் இலைகளின்மேல் தண்ணீர் தெளித்தேன். இரவு முழுவதும் ஈரமாக இருந்த இலைகளில் பங்கசு பிடித்துக் கரும்புள்ளி நோய் வந்தது. மூன்று வாரத்தில் குச்சி மட்டுமே மிஞ்சியது.

உம்மும்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுகமில்லாத பிள்ளைக்குச் சோத்தத் திணிச்ச மாதிரிச் செஞ்சிட்டீங்க, மகள்."

இரண்டாவது செடி

மாரி மழை ஓய்ந்துவரும் டிசம்பர் விடுமுறையில் இரண்டாவது கன்றை வாங்கினேன். இம்முறை செய்தவை இவை.

பத்து நாள் மாமர நிழலில் அப்படியே வைத்து, பிறகு சிறிது சிறிதாகக் காலை வெயிலுக்குப் பழக்கினேன். பூப்பதற்குக் குறைந்தது ஐந்தாறு மணிநேர வெயில் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் பிற்பகல் வெயில் ஆகாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கிழக்கு வெயிலும் மேற்கு நிழலும் உள்ள இடமே நல்லது.

இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் கலந்தேன். உடைந்த வாளியின் அடியில் துளையிட்டு ஓட்டுத் துண்டுகள் போட்டேன். மண்ணில் விரலின் முதல் மடிப்புவரை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் சுபஹுக்குப் பிறகு அடியில் தண்ணீர் ஊற்றினோம்.

ஒரு கட்டத்தில் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தன. இது இரும்புக் குறைபாட்டின் அடையாளம். எங்கள் கிணற்று நீர் வன்னீர். கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். மண்ணின் காரத்தன்மை கூடினால் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதனால் மழைநீரைப் பீப்பாயில் சேர்த்து ஊற்றினோம், கூட்டெருவைக் கூட்டினோம். சுண்ணாம்புச் சத்துள்ள முட்டைக்கோதைப் போடுவதை நிறுத்தினோம். புதிய தளிர்கள் பச்சையாக வந்தன.

இலையின் அடியில் நூல்போல வலை கண்டால் அது சிற்றுண்ணி. காலையில் இலையின் அடிப்பக்கத்தை நீரால் கழுவினாலே பெரும்பாலும் கட்டுப்படும். பூ வாடியதும், அதன் கீழ் ஐந்து சிற்றிலைகள் கொண்ட இலைக்குச் சற்று மேலே வெட்டவேண்டும். எங்கள் செடியில் வெட்டி ஆறு வாரமளவில் மீண்டும் பூத்தது.

சாடியா, நிலமா?

நான் விடுதிக்குத் திரும்பியபின் செடியைப் பார்த்தவர் உம்மும்மாதான். வெயில் காலத்தில் சாடி சூடேறி வேர் வெந்துவிடும், நிலத்தில் வேர் ஆழமாகக் குளிர்ச்சியைத் தேடிப் போகும், ஆகவே நிலத்தில் நடுவோம் என்று பலமுறை சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. "நிலத்துல நட்டா விட்டுட்டுப் போகோணும். சாடியெண்டாத் தூக்கிட்டுப் போகலாம்" என்றார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, இதே கிணற்றடியில் அவர் வைத்திருந்த பன்னீர் ரோசாவை விட்டுவிட்டுத்தான் புத்தளம் போனார். போருக்குப் பின் திரும்பி வந்தபோது கிணறு இருந்தது. மற்ற எல்லாம் காடாக இருந்தது. அதன்பின் அவர் கத்தரி, மிளகாய், பயிற்றை நட்டார். வருடக்கணக்கில் நிற்கும் பூச்செடி எதையும் நிலத்தில் நடவில்லை. அதை நான் அன்றுவரை கவனித்ததில்லை.

அடுத்த விடுமுறையில் ஒன்னென்ஸ் கிராமத்துக் கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அயல் வீட்டுக்குக் குடுத்ததுதான் தப்பியிருக்கு. முதல்ல தடி வெட்டுங்க" என்றார்.

பூத்து முடிந்த கிளைகளில் பென்சில் ஈர்க்கின் அளவு தடிப்புள்ள, நான்கு விரல் நீளமான எட்டுத் துண்டங்களை வெட்டினோம். கீழ் இலைகளை நீக்கி, மேலே இரண்டு இலைகளை விட்டு, ஈரமான மணலும் தும்புத்தூளும் நிரப்பிய யோகட் கோப்பைகளில் நட்டோம். ஈரப்பதம் குறையாதிருக்க, மேலே அடி வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து நிழலில் வைத்தோம். ஒரு மாதத்தில் ஐந்து வேர்விட்டன. இரண்டை வேலிக்கு அப்பால் இருக்கும் அக்காவுக்கும், ஒன்றை முள்ளியவளையில் உள்ள உம்மும்மாவின் பழைய பள்ளித் தோழிக்கும் கொடுத்தோம்.

ஒக்டோபரில் முதல் மழை விழுந்து மண் இளகியதும் உம்மும்மாவே மண்வெட்டியை எடுத்தார். ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டி, கூட்டெரு கலந்து, தாய்ச்செடியைச் சாடி மண் உடையாமல் இறக்கி, சுற்றிலும் காய்ந்த இலைகளால் மூடினோம். பழைய பன்னீர் ரோசா நின்ற இடம் அதுதானா என்று கேட்டேன். "இல்ல, அதுக்குக் கொஞ்சம் தள்ளி. அங்க வெயில் காணாது" என்றார்.

மாணவத் தோழியருக்கு ஒரு வார்த்தை: செடியை வாங்கும்போது பூவை எண்ணாமல், அடித்தண்டையும் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். வாடினால் உடனே எதையாவது போடாமல், முதலில் விரலை மண்ணில் வையுங்கள். வளர்ந்ததும் ஒரு துண்டத்தை அயல் வீட்டுக்குக் கொடுங்கள். எங்களிடம் இன்னும் இரண்டு கன்றுகள் இருக்கின்றன. விரும்புவோர் சொன்னால், அடுத்த விடுமுறை முடிந்து வரும்போது கொண்டு வருகிறேன். யோகட் கோப்பையைத் திருப்பித் தந்தால் போதும்.