ஹேஸ் போடுவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்காக நீ எழுதிப் பழகிய பரிந்துரைக் கடிதங்கள் வந்து சேர்ந்தன. நோயாளியின் நிலை, கொடுத்த மருந்து, அடுத்து கவனிக்க வேண்டியது எல்லாம் வரிசையாக வந்திருக்கின்றன. கைதேர்ந்த நர்ஸ் எழுதியது என்று படிக்கும்போதே தெரிகிறது. ஆனால் சிம்பிள் பாஸ்டும் பிரெசென்ட் பெர்ஃபெக்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாறிக் கிடக்கின்றன. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இப்போதுதான் முடிந்த செயல் என்றால் ஹேவ், எப்போதோ முடிந்தது என்றால் பாஸ்ட் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாய். அதை நம்பிப் போனால் பாதி இடங்களில் தவறும். டாக்டர் கிளம்பி ஒரு நிமிடம்தான் ஆகிறது என்றாலும் 'த டாக்டர் லெஃப்ட் எ மினிட் அகோ' தான். மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக விவசாயம் செய்துவருவதற்கோ 'பீப்பிள் ஹேவ் ஃபார்ம்டு ஃபார் தவுசண்ட்ஸ் ஆஃப் இயர்ஸ்'. எவ்வளவு காலம் ஆயிற்று என்று பார்க்காதே. நீ சொல்லும் காலம் இந்த நிமிடம்வரை நீள்கிறதா, முன்பே முடிந்துவிட்டதா என்று பார். நேற்று, போன வாரம், எட்டு மணிக்கு, 2019-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் பாஸ்ட். அதில் விலக்கே தேடாதே. இதுவரை, வார்டில் சேர்ந்ததிலிருந்து என்று காலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் ஹேவ் அல்லது ஹேஸ்.

உன் வேலையில் இது வெறும் மார்க் விஷயமாக நின்றுவிடாது. ஒரு கடிதத்தில் 'ஹி ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்று எழுதியிருக்கிறாய். படிக்கிற டாக்டர், மூன்று நாள் காய்ச்சல் இருந்தது, பிறகு விட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார். குறிப்பைப் பார்த்தால் அந்த மனிதருக்கு இன்னும் காய்ச்சல் அடிக்கிறது. 'ஹி ஹேஸ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்' என்றுதான் இருக்க வேண்டும். ஹேஸும் ஹேடும் அடுத்தடுத்து வருவது காதுக்கு உறுத்துவதால் பலரும் ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். நீ வெட்டாதே. இன்னொரு இடத்தில் 'ஹி இஸ் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்' என்று இருக்கிறது. மூன்று நாளாகக் காய்ச்சல் அடிக்கிறது என்று நாம் நிகழ்காலத்தில் பேசுகிற பழக்கம் அது. கால அளவுக்கு ஃபார், தொடங்கிய நாளுக்கு சின்ஸ்.

குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 'ஹெர் ஃபாதர் ஹேஸ் ஹேட் டயாபடீஸ் ஃபார் ட்வென்டி இயர்ஸ்' என்றால் அப்பா உயிரோடு இருக்கிறார். 'ஹேட் டயாபடீஸ்' என்று மட்டும் எழுதினால் அவர் காலமாகிவிட்டார் என்றே படிப்பவர் நினைப்பார். இறந்தவர் போய்வந்த இடத்தைச் சொல்லவும் ஹேஸ் ஒட்டாது. ஐன்ஸ்டைன் 1922-இல் ஜப்பானுக்குப் போனவர், 1955-இல் இறந்தார். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால்கூட 'ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் ஜப்பான்' என்று இன்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார்.

உன் கடிதங்களில் அதிகம் வந்திருக்கும் தவறு வேறு. 'ஹி ஹேஸ் ஃபாலன் இன் த பாத்ரூம் லாஸ்ட் நைட்.' இதற்குக் காரணம் நம் 'இருக்கிறார்'. நேற்று ராத்திரி பாத்ரூமில் விழுந்திருக்கிறார் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். நேரில் பார்க்கவில்லை, மற்றவர் சொல்லியோ காயத்தைப் பார்த்தோ தெரிந்துகொண்டோம் என்பதையும் அந்தச் சொல் சேர்த்துச் சொல்கிறது. ஆங்கில ஹேஸுக்கு அந்த வேலை கிடையாது. யார் பார்த்தார்கள் என்பதைத் தனியாக எழுது. லாஸ்ட் நைட் வந்த வாக்கியத்தில் 'ஹி ஃபெல்' என்று முடி. மனதில் வாக்கியம் தமிழில் ஓடும்போது 'இருக்கிறார்' என்று முடிந்தால் உடனே ஹேஸ் போடாமல், பக்கத்தில் தேதி நிற்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்.

தேர்வில் கொடுக்கும் குறிப்புகள் பெரும்பாலும் தந்தி மாதிரி துண்டு துண்டாக இருக்கும். காலத்தை நீதான் முடிவு செய்ய வேண்டும். படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம் என்பது உனக்குத் தெரியும். அந்த 5 நிமிடத்தில் முதலில் தேட வேண்டியது, இன்று என்ன தேதி என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும் வரி. மற்ற எல்லாத் தேதியையும் அதை வைத்தே அளக்க வேண்டும். எழுதும்போது, ஆங்கிலச் செய்தித்தாள்கள் செய்வதைப் பார். அமைச்சர் ராஜினாமா செய்தால் முதல் வாக்கியம் 'ஹேஸ் ரிசைன்ட்' என்று வரும்; எப்போது, யாரிடம் கடிதம் கொடுத்தார் என்ற விவரம் பாஸ்டுக்கு மாறிவிடும். உன் கடிதமும் அப்படியே போகட்டும். நோயாளி இந்த மாதம் இரண்டு முறை விழுந்திருப்பதைத் தொடக்கத்தில் ஹேஸ் போட்டுச் சொல். ஒவ்வொரு முறையும் எங்கே, எப்படி விழுந்தார் என்பதற்கு வரும்போது பாஸ்டுக்குப் போய்விடு.

அமெரிக்க சீரியல்களில் 'டிட் யூ ஈட் யெட்' என்று கேட்டிருப்பாய். அது அங்கே சரியான பேச்சு. நீ போகிற பிரிட்டனில் பெரும்பாலும் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்' என்பார்கள். வார்டில் 'ஷி ஹேஸ் கான் டு த டாய்லெட்' என்றால் அந்த அம்மா இன்னும் உள்ளே இருக்கிறார். 'ஹேஸ் பீன்' என்றால் போய்த் திரும்பிவிட்டார். தள்ளாடி நடக்கும் நோயாளி என்றால், ஹேண்ட் ஓவர் வாங்குகிற நர்ஸுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரிந்தாக வேண்டும்.

இதற்காகப் புதிதாக எந்தப் புத்தகமும் வாங்காதே. பழைய கடிதங்களை எடுத்து, ஒவ்வொரு வினைக்கும் மேலே அது எந்தத் தேதியைச் சேர்ந்தது என்று பென்சிலால் எழுது. தேதி கிடைக்காத வினைகளையும் இன்றுவரை நீள்கிற வினைகளையும் வட்டமிட்டு, அவற்றைத் திருத்தி எழுதி எனக்கு அனுப்பு. நைட் டியூட்டி முடிந்து வந்த களைப்போடு இதைச் செய்யாதே, தூங்கி எழுந்து செய்.

அன்புடன்,
பெரியம்மா